மச்சான் நடுவரிடம் சொன்ன சொல்

எங்கள் வீட்டுக்குள் அமெரிக்கக் காற்பந்தைக் கொண்டுவந்தவள் மகள். ஆசிரியர் பயிற்சிக்குப் படிக்கத் தொடங்கிய முதல் வருடம், கூடப் படித்த ஒருத்தி அவளை இழுத்துக்கொண்டு போய் ஒரு பெண்கள் அணியில் சேர்த்துவிட்டாள். ஒரு மாலை, தலைக்கவசமும் தோள்காப்பும் திணித்த பெரிய பையோடு வாசலில் வந்து நின்றாள். நான் மன்னாரில் வளர்ந்தவன். எங்களுக்குக் காற்பந்து என்றால் காலால் உதைப்பது. கையால் எறிந்து, கையால் பிடித்து, ஆளை ஆள் மோதி விழுத்துகிற ஒன்றுக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டேன்.

"அதை அமெரிக்காக்காரரிட்டைக் கேளுங்கோ அப்பா" என்றாள்.

அடுத்த வருடம் அவளைக் குவாட்டர்பேக் ஆக்கினார்கள். ஒவ்வொரு முறையும் பந்தை முதலில் கையில் வாங்கி, யாருக்கு எறிவது என்று கண் இமைக்கும் நேரத்தில் முடிவெடுத்து எறிகிறவர்தான் குவாட்டர்பேக். எதிரணி அவரை விழுத்தவென்றே ஓடி வரும். இதை மகள் விளக்கியபோது என் மனைவி சிலுவை போட்டுக்கொண்டு எழுந்து குசினிக்குள் போய்விட்டாள்.

மகள் என்ன செய்கிறாள் என்று விளங்கிக்கொள்ளத்தான் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தொலைக்காட்சியில் அமெரிக்க ஆட்டங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். நோர்வேத் தலைநகரின் ஓரத்தில், ஹவுகன்ஸ்டுவாவில், எங்கள் வீடு மூன்றாம் மாடியில். கீழ்மாடியில் ஒரு மதுரைக்காரர் இருந்தார். ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் வேலை. அமெரிக்காவில் படித்தவர் என்பதால் அந்த விளையாட்டு அவருக்கு அத்துப்படி. என்னைவிட நன்றாக இளையவர், என்னை 'அண்ணா' என்பார். நாங்கள் அவரை மதுரைத் தம்பி என்போம். மூன்றாவது ஆள் என் மனைவியின் தம்பி. பக்கத்து ஸ்டோவ்னரில் இருந்து நடந்தே வந்துவிடுவான். லோறென்ஸ்கூக்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்கிறான். எனக்கு மச்சான், மகளுக்கு மாமா. அவளுடைய ஒரு ஆட்டத்தையும் தவறவிடாதவன்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் நாங்கள் மூன்று பேரும் ஒரு மனிதனின் கையைப் பற்றித்தான் சண்டை பிடித்தோம். தொடர்ந்து வென்றுகொண்டிருந்த அணி ஒன்றின் குவாட்டர்பேக் அவர். பந்தைக் காதுக்கு மேலே தூக்கி எறிவதுதான் முறை. அவரோ இடுப்புக்குப் பக்கத்தால், தண்ணீரின் மேல் ஓட்டுச் சில்லு எறிகிற மாதிரி எறிவார். சில வேளை ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு மறுபக்கம் எறிவார்.

"இது தப்பான பழக்கம்ணா" என்பார் மதுரைத் தம்பி. "கால் நிக்கணும், இடுப்பு திரும்பணும், அப்புறம்தான் தோள் வரணும். முழங்கை கீழ இறங்கிட்டா பந்தும் தாழத்தான் போகும். முன்னாடி நிக்கிறவன் கைய நீட்டித் தட்டி விட்ருவான். இவருக்கு அதிர்ஷ்டம், நடக்குது."

"அதிர்ஷ்டம் கிழமைக்குக் கிழமை வருமோ தம்பி?" மச்சான் விடமாட்டான். "மலை மாதிரி ரெண்டு பேர் கையைத் தூக்கிக்கொண்டு முன்னாலை நிக்கேக்கை மேலாலை எறியேலுமோ? வழி இல்லாட்டி பக்கத்தாலைதான் எறிய வேணும். புத்தகத்திலை இருக்கிற மாதிரி எறிய அவன் என்ன சோதினையோ எழுதுறான்?"

"இவர் பண்ணலாம்ணா. இவரைப் பாத்துச் சின்னப் பிள்ளைங்க பண்ணினா தோள் போயிரும்."

இந்த இடத்தில் மச்சான் என்னைப் பார்ப்பான். ஏனென்றால் எங்கள் மகளும் பக்கத்தால் எறிகிறவள். அவளுக்கு அது அமெரிக்காவில் இருந்து வந்ததல்ல. சின்ன வயதில் மாடிக்கட்டடங்களுக்கு நடுவில் தமிழ்ப் பொடியங்களோடு ரெனிஸ் பந்தில் கிரிக்கெட் விளையாடியவள். ஓடிப்போய்ப் பந்தைப் பொறுக்கி, நிமிர நேரமில்லாமல் குனிந்த வாக்கிலேயே விக்கெட்டுக்கு எறிந்து பழகிய கை. பயிற்றுநர் மாற்றப் பார்த்தார். நின்று எறியும்போது கை மேலே போகும். யாராவது துரத்தினால் தானாகக் கீழே இறங்கிவிடும்.

நடுவர்கள் விஷயத்தில் மச்சானோடு கதைக்கவே முடியாது. அவனுக்கு எல்லாத் தீர்ப்பும் பிழை. தவறு நடந்தால் நடுவர் மஞ்சள் துணி ஒன்றை எறிவார். அது விழுந்த உடனேயே மச்சான் எழும்பிவிடுவான்.

"வெல்லுறவனைத்தான் அவைக்குப் பிடிக்கும். தோக்கிறவன்ர பக்கம் துணி தானாப் பறக்கும்."

"ரீப்ளே பாத்துத்தானே சொல்றாங்க அண்ணா" என்பார் மதுரைத் தம்பி.

"எல்லாத்துக்கும் பாக்கிறவையோ? தங்களுக்கு வேணுமெண்டால் பாப்பினம். வேண்டாமெண்டால் தேவையில்லை எண்டுவினம்."

ஒருமுறை, கையிலிருந்து பந்து நழுவிய ஒரு கட்டத்தை நடுவர்கள் திரும்பிப் பார்க்க மறுத்தபோது, அவன் பனிக்குளிருக்குள் சட்டையோடு பல்கனிக்குப் போய் ஆட்டம் முடியும்வரை உள்ளே வரவில்லை. ரசிகர்களுக்கு இப்படி ஒரு கிறுக்கு உண்டு என்று நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். எங்களுக்கு அந்த நேரம் வேறொன்றும் தோன்றவில்லை.

ஜூன் மாதம் மகளின் அணிக்கு ஒரு முக்கியமான ஆட்டம் வந்தது. வென்றால் இறுதிப் போட்டி. நகரின் கிழக்கு ஓரத்தில், செயற்கைப் புல் போட்ட மைதானம். நல்ல வெயில். பெற்றோர்கள் மடிப்புக் கதிரைகளோடு வந்திருந்தார்கள். என் மனைவி ஆட்டத்தைப் பார்க்கமாட்டாள். ஒவ்வொரு முறையும் வாஃபல் சுடும் மேசையில் நின்று, மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாவை ஊற்றுவாள். சத்தம் கேட்டால் மட்டும் "எழும்பிற்றாளோ?" என்று திரும்பாமலே கேட்பாள்.

எங்கள் பக்கத்து ஓரக்கோட்டில் நின்ற நடுவர் ஒரு பெண். அறுபதை நெருங்கியவர். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை, நரைத்த பின்னல். ஒவ்வொரு முறையும் பந்து வைக்கப்படும் இடத்துக்கு நேராக வந்து நிற்பதுதான் அவருடைய வேலை. அந்த இடத்தில் மைதானத்தின் குறுக்கே ஒரு கோடு இருப்பதாகக் கணக்கு. புல்லில் வரைந்திருக்கமாட்டார்கள். ஓரத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கும் கம்பைப் பார்த்து மனதில் இழுத்துக்கொள்ள வேண்டும். குவாட்டர்பேக் அந்தக் கோட்டுக்குப் பின்னால் நின்றுதான் பந்தை முன்னோக்கி எறியலாம். முழு உடம்பும் தாண்டிவிட்டால் எறிந்தது செல்லாது. ஒரு காலின் நுனி பின்னால் இருந்தாலும் செல்லும்.

ஆட்டம் முடியப்போகும் நேரம். எங்கள் பிள்ளைகள் சிறு வித்தியாசத்தில் பின்னால் நின்றார்கள். மகளின் கைக்குப் பந்து வந்தது. இரண்டு பேர் உடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள். அவள் எங்கள் பக்கமாக ஓடினாள். ஓடிக்கொண்டே, உடம்பு சரிந்த வாக்கில், இடுப்புக்குப் பக்கத்தால் எறிந்தாள். பந்து இரண்டு பேரின் கைகளுக்குக் கீழால் போய், மைதானத்தின் கடைசி மூலையில் அவளுடைய தோழியின் நெஞ்சோடு சேர்ந்தது. அங்கே பிடித்தால் புள்ளி.

நான் கத்தினேன். மதுரைத் தம்பி கையில் இருந்த போனில் வீடியோ எடுத்துக்கொண்டே துள்ளினார். "எறிஞ்சாளடா என்ர மருமகள்!" என்று மச்சான் என்னைக் கட்டிப்பிடித்தான். அவனுடைய தோளுக்கு மேலால் அந்தப் பெண் நடுவரைப் பார்த்தேன். அவர் மஞ்சள் துணியை ஏற்கெனவே எறிந்துவிட்டு, ஒரு காலைப் புல்லில் ஊன்றி, அசையாமல் நின்றார்.

கோட்டைத் தாண்டி எறிந்தது. புள்ளி இல்லை. சிறிது நேரத்தில் ஆட்டம் முடிந்தது. நாங்கள் தோற்றுப்போனோம்.

மச்சான் மைதான ஓரத்துக் கயிற்றைத் தாண்டிப் போனதை நான் காணவில்லை. கண்டபோது அவன் அந்த நடுவரின் முகத்துக்கு முன்னால் நின்றான். நோர்வேஜிய மொழியில் கத்தினான். "உனக்கு எங்கள் பிள்ளையின் கறுப்புத் தலைமயிர்தான் தெரியும்! கால் தெரியாது! நீ ஒரு ரசிஸ்ட்!"

நிறவெறி பிடித்தவள் என்ற அந்தக் கடைசிச் சொல் மைதானம் முழுவதும் கேட்டது. எதிரணிப் பெற்றோர்கூடக் கை தட்டுவதை நிறுத்தினார்கள். நடுவரின் முகம் சிவக்கவில்லை, வெளுத்தது. தலைமை நடுவர் ஓடிவந்து மச்சானை வெளியே போகச் சொன்னார். பயிற்றுநரும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக் கொண்டுவந்தோம். மகள் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடு மைதானத்தில் நின்றாள். மாமாவை அவள் பார்த்த பார்வை, ரயிலில் குடிவெறியில் சத்தம் போடும் யாரோ ஒருவனைப் பார்ப்பதுபோல் இருந்தது. மனைவி அப்போதுதான் முதல்முறையாக மைதானத்தின் பக்கம் திரும்பி நின்றாள்.

அடுத்த நாள் ஞாயிறு. வழக்கம்போல இருவரும் வந்தார்கள். அமெரிக்க ஆட்டங்கள் இல்லாத மாதம். மதுரைத் தம்பி தான் எடுத்த படத்தைத் தொலைக்காட்சியில் இணைத்தார். பந்து கையை விட்டுப் போகும் அந்தக் கணத்தை நிறுத்தி, முன்னும் பின்னுமாக ஓட்டினார். மகளின் வலது கால் கோட்டுக்கு நன்றாக முன்னால். இடது கால் பின்னால் இழுபடுகிறது. அதன் நுனி கம்புக்கு நேரே வருகிறதா, தாண்டிவிட்டதா என்பதுதான் கேள்வி.

"பின்னாலைதான் நிக்குது. தெளிவாத் தெரியுதே!" மச்சான் திரையில் விரலை வைத்தான். "இதை அனுப்ப வேணும் அத்தான். முறைப்பாடு குடுக்க வேணும்."

மதுரைத் தம்பி தயங்கினார். "அண்ணா, நாம உக்காந்திருந்தது சைடுல. கோட்டுக்கு நேரா இல்ல. இங்கருந்து பாத்தா கம்பும் காலும் எப்படி வேணா தெரியும். இந்த வீடியோவ வெச்சு சரின்னும் சொல்ல முடியாது, தப்புன்னும் சொல்ல முடியாது. கோட்டுக்கு நேரா நின்னது அந்தம்மா ஒருத்தங்கதான்."

"அப்ப நீரும் அவவின்ர பக்கமோ?"

"பக்கம்னு இல்லண்ணா…"

"உங்களுக்கென்ன! வேலை முடிஞ்சால் பிளேன் ஏறி ஊருக்குப் போயிடுவியள். இஞ்சை கிடந்து மாயிறது நாங்கள்தானே. உங்களுக்கு இது விளங்காது."

மதுரைத் தம்பியின் முகம் சுருங்கியது. போனைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தார். "வர்றேண்ணா" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மகள் தன் அறைக்குள் இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வெளியே வந்து திரையில் நின்ற தன்னுடைய உருவத்தை ஒருமுறை பார்த்தாள்.

"காணும், நிப்பாட்டுங்கோ" என்றாள். "எனக்கே தெரியாது மாமா. நான் ஓடிக்கொண்டிருந்தனான். காலைப் பாக்கேல்லை. தாண்டினனானோ இல்லையோ எண்டு நீங்கள் ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை."

"உனக்காகத்தானே பிள்ளை நான்…"

"எனக்காக இல்லை. அந்த டொம்மரை எனக்கு ரெண்டு வருசமாத் தெரியும்." டொம்மர் என்றால் நடுவர். நோர்வேஜியச் சொல்லைத்தான் அவள் எப்போதும் சொல்வாள். "எனக்கு விரல் சுளுக்கினபோது ஐஸ் கொண்டுவந்து கட்டினவ. அவவைப் போய் அப்பிடிச் சொல்லிப்போட்டியள். இந்த நாட்டிலை அந்தச் சொல் எனக்கு உண்மையாத் தேவைப்படுற நாளும் வரும் மாமா. அண்டைக்கு ஆர் என்னை நம்புவினம்?"

மச்சான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அந்தக் கிழமை பயிற்றுநர் எனக்குத் தொலைபேசியில் கதைத்தார். மரியாதையாகத்தான் கதைத்தார். உங்கள் உறவினர் இனி எங்கள் ஆட்டங்களுக்கு வரக்கூடாது என்றார். தமிழ்ப் பூசை முடிந்து எங்கள் கத்தோலிக்கக் கோவில் வாசலில் நிற்கும்போது எங்கள் சனமும் இரண்டாகப் பிரிந்தது. "நல்லாக் குடுத்தார், அவைக்கு வேணும்" என்று சிலர். "எங்கட பேரைக் கெடுத்துப்போட்டார்" என்று சிலர். விளையாட்டைப் பார்த்தேயிராத ஒருவர், பிள்ளை கையை மேலே தூக்கி எறிந்திருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திராது என்று எனக்கு விளக்கம் சொன்னார். மகள் எங்களோடு கோவிலுக்கு வருவதை நிறுத்தினாள். பயிற்சிக்குப் போனாள், வந்தாள், சாப்பிட்டாள். வீட்டில் மாமாவின் பெயரை யாரும் எடுக்கவில்லை.

என் மனைவிதான் பொறுக்கமுடியாமல் என்னை அனுப்பினாள். "அவன் கோவக்காரன் இல்லை. சின்னனிலை அடிச்சாலும் அழமாட்டான். என்ன நடந்தது எண்டு ஒருக்கால் கேட்டுக்கொண்டு வாங்கோ."

வேலை முடிந்த கையோடு ஸ்டோவ்னருக்குப் போனேன். மச்சானின் மனைவி வேலைக்குப் போயிருந்தாள். அவன் பிளேன்ரீ ஊற்றித் தந்தான். இரண்டு பேரும் குசினி மேசையில் இருந்தோம். நான் மைதானத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவனாகத்தான் தொடங்கினான்.

"அத்தான், நான் முந்தி அந்த லாகரிலை வேலை செய்தனான், தெரியும்தானே."

தெரியும். இந்த நாட்டுக்கு வந்து சில வருடங்களில், ஒரு களஞ்சியசாலையில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டினான். ஆட்குறைப்பு என்று வேலை போனதாக எங்களுக்குச் சொல்லியிருந்தான்.

"ஆட்குறைப்பு இல்லை" என்றான். "ஒருநாள் காலமை, நான் அடுக்கின பாரம் சரிஞ்சு போச்சு. கீழை ஒரு போலந்துக்காரன் நிண்டவன். கால் உடைஞ்சுபோச்சு. என்னோடை நல்ல வாரப்பாடான பெடியன். நான்தான் பெட்டியளை இழுத்து அவனை வெளியிலை எடுத்தனான்."

கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"பாரம் வைக்கிற பலகை முதலே வெடிச்சிருந்தது அத்தான். விடியவே மேற்பார்வையாளரிட்டைச் சொன்னனான். ஓம், பாப்பம் எண்டவன். பிறகு என்னை ஒரு அறைக்குள்ளை கூப்பிட்டுச்சினம். எனக்கு அந்த நேரம் பாஷை காணாது. மேலை சுவரிலை கமரா இருந்தது. அதைப் பாருங்கோ, அதைப் பாருங்கோ எண்டு கையைக் காட்டினனான். தேவையில்லையாம். மேற்பார்வையாளர் கண்டவராம். அவன் எங்கை கண்டவன்? உள்ளுக்கை இருந்து கோப்பி குடிச்சவன். எனக்கு ஒரு பேர் வைச்சுச்சினம். கவனமில்லாதவன். அவ்வளவுதான். அடுத்த கிழமை வேலை இல்லை."

"ஏன்டாப்பா எங்களுக்குச் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது? ஒருத்தன்ர காலை உடைச்சவன் எண்டு அக்கா நினைக்க மாட்டாவோ?"

பல்கனிக்கு வெளியே யாரோ பிள்ளைகள் சைக்கிள் ஓடிக் கத்திக்கொண்டிருந்தார்கள். பிறகு, யோசித்துச் சொன்னேன் என்று சொல்லமுடியாது, வாயில் வந்தது. "அந்த மேற்பார்வையாளன் அந்த இடத்திலை நிக்கேல்லை. இந்த நடுவர் மனிசி நிண்டவ."

மச்சான் கோப்பைகளை எடுத்துக் கழுவும் தொட்டிக்குள் வைத்தான்.

"ஓம்" என்றான் கடைசியில். "அவ நிண்டவ. அதுதான் எனக்கு நித்திரை வருகுதில்லை. தீர்ப்பு பிழை எண்டுதான் இப்பவும் நினைக்கிறன். ஆனா அந்தச் சொல் வேறை. அவ ஆரெண்டே தெரியாமல் அவவுக்கு ஒரு பேரை வைச்சுப்போட்டன். அதைத் திருப்பி எடுக்க வேணும்."

அவன் சொன்ன கதையை அன்றிரவு மனைவிக்கு மட்டும் சொன்னேன். கோடை விடுமுறையில் ஆட்டங்கள் இல்லை. ஆகஸ்டில், அந்த நடுவர் நகருக்கு வெளியே ஒரு இளையோர் ஆட்டத்துக்கு வருகிறார் என்று மகள் விசாரித்துச் சொன்னாள். மாமா மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்றால் தானும் வருவேன் என்றாள். எங்களிடம் கார் இல்லை. பஸ்ஸில் எப்படிப் போவது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, கீழே இருந்து மதுரைத் தம்பி ஏறி வந்தார்.

"சனிக்கிழமை நான் ட்ரைவ் பண்றேண்ணா. அண்ணன் சொன்னாரு."

மச்சான் எனக்குச் சொல்லாமல் தானாகவே போய் அவருடைய கதவு மணியை அடித்திருக்கிறான். உள்ளே என்ன கதைத்தார்கள் என்று இருவரும் எனக்குச் சொல்லவில்லை. காரில் மச்சான் முன்னால் இருந்தான். போகும்போது ஒருமுறை மட்டும், "உம்மட தாயார் சுகமாயிருக்கிறாவோ தம்பி?" என்று கேட்டான். "இருக்காங்கண்ணா. கண் ஆபரேஷன் முடிஞ்சுது. நான்தான் போக முடியல" என்றார் அவர். மச்சான் வெளியே பார்த்தபடி தலையாட்டினான்.

இடைவேளைக்கு நாங்கள் காத்திருந்தோம். நடுவர் தண்ணீர்ப் போத்தலோடு ஓரத்துக்கு வந்தபோது மகள் போய்க் கூப்பிட்டாள். மச்சானைக் கண்டதும் அவர் ஒரு கணம் நின்றார். பிறகு வந்தார்.

மச்சான் நோர்வேஜிய மொழியில் வசனங்களைப் பாடமாக்கிக்கொண்டு வந்திருந்தான். அன்று நான் உங்களிடம் ஒரு சொல் சொன்னேன். அது பிழை. அதை நான் திருப்பி எடுக்கிறேன். என்னை மன்னியுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்லி முடித்தான்.

நடுவர் உடனே மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. போத்தலை மூடிக் கீழே வைத்தார்.

"நான் கண்டதைத்தான் சொன்னேன்" என்றார். "நான் கண்டது பிழையாகவும் இருக்கலாம். யாரோ ஒருவர் சொல்லத்தானே வேண்டும். ஆட்கள் கத்துவது எனக்குப் பழகிவிட்டது, அதை மைதானத்திலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவேன். உங்கள் சொல்லை என்னால் விட்டுவிட்டுப் போக முடியவில்லை. அது உண்மையோ என்று கோடை முழுவதும் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். இல்லை என்று எனக்கு நானே நிரூபிக்க ஒரு வழியும் இருக்கவில்லை."

மச்சானிடம் பாடமாக்கிய வசனங்கள் தீர்ந்துவிட்டன. அவன் தமிழுக்கு மாறினான். மகளைப் பார்த்து, "பிள்ளை, இதை அவவுக்குச் சொல்லு" என்றான்.

பிறகு குசினி மேசையில் எனக்குச் சொன்ன அந்தக் கதையைச் சொன்னான். சரிந்த பாரம், போலந்துக்காரனின் கால், வெடித்த பலகை. மகளுக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. முதல்முறை கேட்டுக்கொண்டே, அவள் அதை வசனம் வசனமாக நோர்வேஜிய மொழியில் சொன்னாள். தொடக்கத்தில் வேகமாகச் சொன்னாள். கமராவைக் கையைக் காட்டிய இடம் வந்தபோது நின்றாள். மாமாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு இன்னும் மெதுவாக, ஒரு சொல்லும் விடாமல் சொன்னாள். தனக்கு வைத்த பெயரை மட்டும் மச்சான் தமிழில் சொல்லவில்லை. அன்று அந்த அறைக்குள் கேட்ட நோர்வேஜியச் சொல்லாகவே சொன்னான். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

"அந்தக் கமராவை ஒருவரும் பார்க்கவில்லையா?" என்று நடுவர் கேட்டார்.

"இல்லை" என்றான் மச்சான்.

அவர் நிலத்தைப் பார்த்தார். மைதானத்தில் இருந்து அவரைக் கூப்பிட்டார்கள். அவர் மச்சானின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதல் நேரம் பிடித்திருந்தார். மகளின் தோளில் தட்டினார். போத்தலை எடுத்துக்கொண்டு ஓடினார். அந்தக் கால் கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது மதுரைத் தம்பியோடு நான் முன்னால் இருந்தேன். பின்னால் மாமாவும் மருமகளும். கார் நெடுஞ்சாலைக்கு ஏறியது.

"மாமா" என்றாள் மகள். "அந்தப் போலந்துக்காரருக்கு இப்ப சுகமோ?"

"சுகம். கொஞ்சம் இழுத்து நடப்பான். இஞ்சைதான் எங்கையோ ரயர் கடை வைச்சிருக்கிறான். நத்தாருக்கு ஒரு கிறிஸ்மஸ் மரத்தின்ர படம் அனுப்புவான். நானும் ஒண்டு அனுப்புவன்."

"அவருக்கு உங்களிலை கோவம் இல்லையோ?"

"தெரியாது பிள்ளை. இருந்தால் மரம் அனுப்புவானோ?"

"அவர்தானே அந்த இடத்திலை நிண்டவர். அவர் என்ன கண்டவர் எண்டு நீங்கள் கேக்கேல்லையோ?"

நான் திரும்பிப் பார்த்தேன். மச்சான் கார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினான். "இல்லை" என்றான். "கேக்கப் பயமாயிருந்தது."

அன்று அவன் எங்கள் வீட்டில்தான் சாப்பிட வேண்டும் என்று மனைவி சொல்லிவிட்டாள். மதுரைத் தம்பியையும் மறித்துவைத்தாள். குசினியில் இறைச்சி கொதித்துக்கொண்டிருந்தபோது மச்சான் போனை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினான். கண்ணாடிக்கு அப்பால் அவன் நடப்பதும் நிற்பதும் தெரிந்தது. அதிகம் கதைத்தது மற்றப் பக்கத்து ஆள்தான். மச்சான் காதில் போனை அழுத்திக்கொண்டு கேட்டான். ஒரு கட்டத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். மனைவி எழும்பப் பார்த்தாள். நான் அவளை மறித்தேன்.

உள்ளே வந்தபோது அவன் கண்கள் சிவந்திருந்தன. எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தான்.

"அந்தப் போலந்துக்காரனும் கண்டவனாம், அக்கா" என்றான். "பலகை வெடிச்சிருந்ததை. அவனையும் ஒருத்தரும் கேக்கேல்லையாம். தானாப் போய்ச் சொல்லாததுக்கு நான் ஏசுவன் எண்டு பயந்து அவனும் இவ்வளவு காலமும் எனக்குக் கோல் எடுக்கேல்லையாம்."

மனைவி அவனுடைய கையைப் பிடித்துக் கதிரையில் இருத்தினாள். மகள் சோற்றுக் கோப்பையைக் கொண்டுவந்து மாமாவுக்கு முன்னால் வைத்தாள்.